ஐந்தரை லட்சம் பேருக்குத் தனி சேனல் எதற்கு? வெல்ஷ் தொலைக்காட்சியின் கதை

கேள்வி இதுதான்: “வேல்ஸில் வெல்ஷ் மொழி பேசுபவர்கள் ஐந்தரை லட்சம் பேர்கூட இல்லை. அவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். அப்படியிருக்க, பொதுப் பணத்தில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான பவுண்டு செலவழித்து அவர்களுக்கென்று தனி டிவி சேனல் நடத்துவது எதற்கு? நாற்பது ஆண்டு நடத்தியும் மொழி பேசுவோர் எண்ணிக்கை கூடவில்லையே?”

எண்கள் சரிதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 5,38,300 பேர், அதாவது 17.8 சதவீதம். 1981-இல், சேனல் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில், அது சுமார் 19 சதவீதமாக இருந்தது. இந்த இரண்டை மட்டும் அருகருகே வைத்தால் நீங்கள் வந்த முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். ஆனால் நான் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தவன், அந்த மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றவன். அந்தச் சேனல் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் எண்களை இன்னும் பின்னால் கொண்டுபோய்ப் பாருங்கள். 1901-இல் வேல்ஸ் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினார்கள். 1961-இல் அது 26 சதவீதம், 1971-இல் சுமார் 21. பத்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுப்பு வரும், ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழே இறங்கும். சேனல் வந்த பிறகோ 2001-இல் 20.8 சதவீதத்துக்கு ஏறியது, 2011-இல் 19 ஆனது, இப்போது 17.8. அறுபது ஆண்டில் பாதியாகச் சரிந்த மொழி, சேனல் வந்த பிறகான நாற்பது ஆண்டும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. இதற்கான பெருமை முழுவதையும் டிவிக்குக் கொடுக்க நான் வரவில்லை. வெல்ஷ் வழிப் பள்ளிகளுக்கும், 1967, 1993 ஆண்டுகளின் மொழிச் சட்டங்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. குழந்தைக்கு மொழியை ஊட்டுவது வீடும் பள்ளியும்தான், டிவிப் பெட்டி அல்ல. அந்தப் பெட்டி செய்த வேலை வேறு. அதற்குத்தான் வரப்போகிறேன்.

சேனலின் பெயர் எஸ்4சி. விரித்தால் ‘ஷானெல் பெட்வார் கம்ரி’, அதாவது ‘வேல்ஸ் நான்காம் அலைவரிசை’. கம்ரி என்பது வேல்ஸுக்கு அந்த மொழியில் பெயர், மொழியின் பெயர் கம்ராயிக். 1982 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கான சேனல் 4 மறுநாள்தான் தொடங்கியது. தாய் நிறுவனத்துக்கு ஒரு நாள் முன்னால் பிறந்த பிள்ளை என்று வேல்ஸில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதற்கு முன் வெல்ஷ் டிவியே இல்லாமல் இல்லை. இருந்த விதம்தான் சிக்கல். 1952-இல் கார்டிஃப் அருகே வென்வோ கோபுரம் வந்தபோது, அது தெற்கு வேல்ஸுக்கும் கடலுக்கு அப்பால் இருந்த இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்கும் சேர்த்தே ஒளிபரப்பியது. பிரிஸ்டல்காரர் வெல்ஷ் நிகழ்ச்சியைப் பார்த்து முகம் சுளிப்பார், கார்டிஃப்காரர் பிரிஸ்டல் செய்தியைப் பார்த்துக் கொட்டாவி விடுவார். மேற்கிலும் வடக்கிலும் வெல்ஷ் நிகழ்ச்சிகளுக்கு முக்கிய இடம் கொடுக்கத் தொடங்கப்பட்ட ஒரு வணிக நிறுவனம் 1962-இல் ஒளிபரப்பில் இறங்கி, மறு ஆண்டே பணமில்லாமல் தள்ளாடி, பெரிய நிறுவனம் ஒன்றுக்குள் கரைந்துபோனது. 1964-இல் பிபிசி வேல்ஸ் தனியாக வந்தது, 1968-இல் எச்டிவி என்ற வணிக நிறுவனம் வந்தது. இரண்டும் வெல்ஷ் நிகழ்ச்சிகள் போட்டன. ஆனால் எந்த நேரத்தில்? மத்தியானச் சாப்பாட்டு வேளையில், இல்லாவிட்டால் ஊர் உறங்கப்போகும் நேரத்தில்.

நல்ல நேரத்தில் போட்டால் வேறு தொல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் வேல்ஸில் ஐந்தில் நான்கு பேர். தங்கள் படத்தை எடுத்துவிட்டுப் புரியாத மொழியில் ஏதோ ஓடினால் அவர்களுக்குக் கோபம் வராதா? கடலோர வீடுகளில் கூரை ஆன்டெனாவை பிரிஸ்டல் பக்கம், மான்செஸ்டர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். அதனால் வேல்ஸ் செய்தியே பார்க்காத வேல்ஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் உருவானார்கள்.

1962 பிப்ரவரி 13 அன்று எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் பிபிசி வானொலியில் ‘மொழியின் விதி’ என்று ஓர் உரை ஆற்றினார். இப்படியே போனால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் பேச்சுமொழியாகவே இருக்காது என்பது அவர் எச்சரிக்கை. அந்த உரையைக் கேட்ட இளைஞர்கள் அதே ஆண்டு வெல்ஷ் மொழிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் சாலைப் பலகை, நீதிமன்ற அழைப்பாணை, அரசுப் படிவம் என்று போராடினார்கள். எழுபதுகளில் போராட்டம் டிவிப் பக்கம் திரும்பியது.

இந்தக் கதையில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு பகுதி இங்கே உண்டு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான். தனி சேனல் வேண்டும் என்று வெல்ஷ்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் கேட்கவில்லை. அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்த ஜாக் எல். வில்லியம்ஸ், மொழிக்காகவே உழைத்தவர், தனி சேனலைக் கடுமையாக எதிர்த்தார். அவர் வாதம் இது: இப்போது எல்லோரும் பார்க்கும் சேனலில் நடுவில் வெல்ஷ் வருகிறது. மொழி தெரியாத வீட்டுக் குழந்தையின் காதிலும் அது விழுகிறது. பாதி தெரிந்தவர் பழக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுகிறார். எல்லாவற்றையும் அள்ளி ஒரே மூலையில் வைத்துவிட்டால், தேடி வருகிறவர் மட்டுமே பார்ப்பார். மற்றவர்கள் வீட்டிலிருந்து வெல்ஷ் அடியோடு போய்விடும்.

மறுபக்கம் நின்றவர்கள் சொன்னது: அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும்வரை அதை எவரும் மதிக்கப் போவதில்லை. மாலை முழுவதும் நம் மொழியிலேயே உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் வேண்டும். இதில் விசித்திரம் என்னவென்றால், வெல்ஷ் பிடிக்காத ஆங்கிலம் பேசுபவர்களும் தனி சேனல் கோரிக்கையை ஆதரித்தார்கள். தங்கள் சேனலிலிருந்து வெல்ஷ் தொலைந்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். நேர் எதிரான இரண்டு ஆசைகள் ஒரே கோரிக்கையில் வந்து சேர்ந்தன. 1974-இல் ஒளிபரப்பைப் பற்றி ஆராய அரசு அமைத்த க்ராஃபோர்ட் குழு, பிரிட்டனில் இனி வரப்போகும் நான்காவது அலைவரிசையில் வேல்ஸில் வெல்ஷுக்கே முன்னுரிமை என்று பரிந்துரைத்ததற்கு இந்த இரட்டை ஆதரவு பெரிய பலம்.

1979 தேர்தலில் லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டு கட்சிகளும் வெல்ஷ் சேனல் தருவதாக வாக்குறுதி அளித்தன. கன்சர்வேட்டிவ் தலைவர் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். செப்டம்பர் மாதமே உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா, தனி சேனல் கிடையாது, இருக்கிற சேனல்களிலேயே நேரத்தைக் கூட்டித் தருகிறோம் என்று கைவிரித்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் வேல்ஸுக்குத் தனி அவை வேண்டுமா என்ற வாக்கெடுப்பில் மக்கள் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வேல்ஸ் தேசியவாதிகள் மனம் உடைந்து கிடந்த நேரம். இப்போது என்ன செய்தாலும் எதிர்ப்பு வராது என்று லண்டன் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எதிர்ப்பு வந்தது. அக்டோபரில் பென்னார் டேவிஸ், மெரெடித் எவன்ஸ், நெட் தாமஸ் என்ற மூன்று பேர் பென்காரெக் ஒளிபரப்பு நிலையத்துக்குள் நுழைந்து அதை அணைத்தார்கள். மூவருமே படிப்பாளிகள், ஒருவர் இறையியல் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். சுமார் 2,000 பேர் டிவி லைசென்ஸ் கட்டணம் கட்ட மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். இந்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை: பிரிட்டனில் டிவி பார்க்கும் வீடுகள் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகை இது, பிபிசியின் முதன்மை வருமானம் இதுதான். கட்ட மறுத்தால் நீதிமன்றம், அபராதம், சில நேரம் சிறை.

பிறகு க்வின்வர் எவன்ஸ். 1966 ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தலில் வென்று, வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர். பிழைப்புக்குத் தக்காளி பயிரிட்டவர். போரே கூடாது என்ற கொள்கையால் இரண்டாம் உலகப் போரில் படையில் சேர மறுத்தவர், காந்தியை ஆழ்ந்து மதித்தவர். 1979 தேர்தலில் தோற்றுப் பதவி இல்லாமல் இருந்தார். 1980 மே மாதம் அவர் அறிவித்தார்: அரசு வாக்கைக் காப்பாற்றாவிட்டால் அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம். அப்போது அவருக்கு வயது 67.

அந்தக் கோடைக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன். குரல் உயர்த்திப் பேசாத, சாந்தமான மனிதர் அவர். சொன்னால் செய்துவிடுவார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அதுதான் எல்லோரையும் நடுங்க வைத்தது என்றார்கள். ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. செப்டம்பரில் மூன்று பேர் லண்டன் போய் வைட்லாவைச் சந்தித்தார்கள்: வேல்ஸ் பேராயர் ஜி. ஓ. வில்லியம்ஸ், முன்னாள் அமைச்சர் க்லெட்வின் ஹியூஸ், உயர் அதிகாரியாக இருந்த கோரான்வி டேனியல். மூவரும் போராட்டக்காரர்கள் அல்ல, அரசு மதிக்கிற நிதானமான மனிதர்கள். செப்டம்பர் 17 அன்று அரசு இறங்கி வந்தது. பின்வாங்கும் பேச்சுக்கே இடமில்லை என்று தாட்சர் தன் கட்சி மாநாட்டில் முழங்கியது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். வேல்ஸில் அவர் ஏற்கெனவே பின்வாங்கியிருந்தார். உண்ணாவிரதம் தொடங்கவே இல்லை.

ஆனால் அரசு கொடுத்தது மூன்று ஆண்டுச் சோதனை ஓட்டம் மட்டுமே. வாரத்துக்கு 22 மணி நேரம் வெல்ஷ், மாலை நேரத்தில். மீதி நேரத்தில் சேனல் 4-இன் ஆங்கில நிகழ்ச்சிகள். நிர்வாகக் குழுவின் முதல் தலைவராக அதே கோரான்வி டேனியலும், சேனலை நடத்த ஓவன் எட்வர்ட்ஸும் வந்தார்கள். பிபிசி வாரத்துக்குப் பத்து மணி நேர நிகழ்ச்சிகளைத் தன் செலவில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். ஒரு பகுதியை எச்டிவி கொடுத்தது. மிச்சத்தை யார் எடுப்பது?

இங்கேதான் சேனலின் அமைப்பு முக்கியமாகிறது. எஸ்4சி தானாக நிகழ்ச்சி தயாரிப்பதில்லை. பதிப்பகம் எழுத்தாளரிடம் புத்தகம் வாங்குவதுபோல, வெளி நிறுவனங்களிடம் சொல்லி எடுத்து வாங்குகிறது. 1980-இல் வேல்ஸில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் ஏறக்குறைய இல்லை. சேனல் வரப்போகிறது என்றதும் பிபிசியில் வேலை பார்த்தவர்கள், ஆசிரியர்கள், நாடகக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தொடங்கினார்கள். வடமேற்கில் கர்நார்வன் என்று ஒரு சிறு கோட்டை நகரம். அங்கே ஸ்டூடியோவும் வெளிப்புறப் படப்பிடிப்பு வண்டிகளும் வைத்துக்கொண்டு பார்குட் என்ற நிறுவனம் வந்தது. அதைச் சுற்றி ஒலிப்பதிவாளர், எடிட்டர், ஒப்பனைக்காரர், கணக்கர் என்று ஒரு தொழிலே முளைத்தது. தெற்கே லனெல்லியில் டினோபோலிஸ் என்ற நிறுவனம் வளர்ந்தது. எஃகும் தகரத் தகடும் செய்து வாழ்ந்த ஊர் அது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். அதுவரை வெல்ஷ் மட்டும் நன்றாகத் தெரிந்த ஒரு கிராமத்துப் பிள்ளைக்குத் தன் மொழியால் கிடைக்கக்கூடிய வேலை என்ன? பள்ளி ஆசிரியர், தேவாலயப் போதகர், அதைவிட்டால் அப்பாவின் ஆட்டுப் பண்ணை. முன்னேற வேண்டுமென்றால் ஆங்கிலம், அதோடு லிவர்பூல் அல்லது லண்டன். பெற்றோர் பிள்ளைகளிடம் வெல்ஷ் பேசுவதை நிறுத்தியதற்குப் பெரிய காரணம் மொழி மேல் வெறுப்பு அல்ல, சோற்றுக் கவலை. எஸ்4சி அந்தக் கணக்கை மாற்றியது. வெல்ஷ் தெரிந்தவர்களுக்கு நல்ல சம்பளத்தில், மதிப்பான, இளமையான ஒரு தொழில் வந்தது. அதுவும் தலைநகரில் மட்டுமல்ல, மொழி உயிரோடிருந்த சிற்றூர்களிலேயே. கார்டிஃபில் என் தெருவிலேயே ஒளிப்பதிவாளர் ஒருவரும் சப்டைட்டில் எழுதுபவர் ஒருவரும் இருந்தார்கள். இருவரும் வேலை முழுவதையும் வெல்ஷில் செய்தார்கள், இருவர் வீட்டிலும் பிள்ளைகள் வெல்ஷ் பேசினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்குத் தனிக் கட்டம் கிடையாது.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தொடக்க காலத்திலேயே சூப்பர்டெட் என்ற கரடிப் பொம்மைக் கார்ட்டூன் வந்தது. அதை உருவாக்கிய மைக் யங், வேலை வேல்ஸிலேயே நடக்க வேண்டும் என்பதற்காகக் கார்டிஃபில் சிரியால் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் டிஸ்னி சேனல்வரை அது போனது. 1985-இல் தீயணைப்பு வீரர் சாம் வந்தார். இன்று உலகம் முழுவதும் குழந்தைகளுக்குத் தெரிந்த ‘ஃபயர்மேன் சாம்’ முதலில் ‘சாம் டான்’ என்று வெல்ஷில் பேசியவர். அவர் ஊரான பான்டிபான்டியின் பெயரே பான்டிப்ரித், டோனிபான்டி என்ற இரண்டு ஊர்ப் பெயர்களை ஒட்டிச் செய்தது.

பெரியவர்களுக்கு ‘போபோல் அ கூம்’, அதாவது ‘பள்ளத்தாக்கு மக்கள்’. பிபிசி 1974-இல் தொடங்கிய சீரியல் இது. எஸ்4சி வந்ததும் அங்கே மாறியது, 1988-இல் தினசரித் தொடர் ஆனது. கூம்டெரி என்ற கற்பனைக் கிராமம், அங்கே ஒரு மதுக்கடை, அங்கே கூடுகிறவர்களின் சண்டை, காதல், கடன். நம் ஊர் மெகா சீரியல் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் அது ஒரு காரியம் செய்தது. வெல்ஷில் வடக்குப் பேச்சும் தெற்குப் பேச்சும் நன்றாகவே வேறுபடும். ‘இப்போது’ என்பதற்குத் தெற்கில் ஒரு சொல், வடக்கில் ஒரு சொல். வேடிக்கை என்னவென்றால், ஒன்றின் எழுத்துகளைப் பின்னாலிருந்து எழுதினால் மற்றது வந்துவிடும். பாலுக்கும் இரண்டு சொல். நடுவில் மலைகள், நேரடி ரயில் பாதைகூட வேல்ஸுக்குள்ளேயே இல்லை, இங்கிலாந்துக்குள் போய்த்தான் திரும்பி வர வேண்டும். எனவே வடக்குக்காரர் தெற்குப் பேச்சைத் தொடர்ந்து கேட்க வழியே இருந்ததில்லை. தினமும் இரவு வீட்டுக்குள் வந்த சீரியலும் செய்தியும் அந்தக் கூச்சத்தைப் போக்கின.

சொற்கள் பிறந்த விதமும் சொல்லத்தக்கது. ரக்பி வேல்ஸின் உயிர். ஆனால் ஆட்டத்தை வர்ணிக்க வெல்ஷில் சொற்கள் போதாமல் இருந்தன. டிவிக்கு முன்பே வானொலிக் காலத்தில் ஐக் டேவிஸ் என்ற ஆசிரியர் ஒவ்வொன்றாகச் சொல் கண்டுபிடித்து வர்ணனையில் புகுத்தினார். பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்து எடுக்கும் புள்ளிக்கு அவர் வைத்த ‘கைஸ்’ என்ற சொல்லை இன்று விளையாட்டுத் திடலில் எல்லாச் சிறுவர்களும் கத்துகிறார்கள். டிவிக்கே வெல்ஷில் ‘டெலெடி’ என்று பெயர், ‘தொலைவு’ என்பதோடு ‘பரப்பு’ என்ற வினையை ஒட்டிச் செய்த சொல். அகராதியில் உட்கார்ந்திருக்கும் கலைச்சொல்லை வானிலைச் செய்தியும் கால்பந்து வர்ணனையும்தான் நாவில் ஏற்றும்.

நாடகத் தொடர்களில் ஒரு தந்திரம் உண்டு. 2013-இல் ‘அந்தி’ என்று பொருள்படும் பெயரில் ஒரு துப்பறியும் தொடர் அபரிஸ்ட்வித்தைச் சுற்றி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு காட்சியையும் முதலில் ஒரு மொழியில், உடனே அதே நடிகர்களோடு மற்ற மொழியில் எடுத்தார்கள். வெல்ஷ் வடிவம் எஸ்4சியில், ஆங்கில வடிவம் ‘ஹின்டர்லேண்ட்’ என்ற பெயரில் பிபிசிக்கும் வெளிநாடுகளுக்கும். இரண்டு விற்பனையின் பணமும் சேர்ந்ததால்தான் சிறிய மொழியில் பெரிய தரம் சாத்தியமானது. 2017-இல் வந்த இன்னொரு தொடருக்காக ஈவ் மைல்ஸ் என்ற நடிகை, வேல்ஸில் பிறந்தும் சரளமாக வராத வெல்ஷை அந்தப் பாத்திரத்துக்காகவே கற்றார். இதற்கெல்லாம் முன்பே, முதல் உலகப் போரில் இறந்த கவிஞர் ஹெத் வின் பற்றி எஸ்4சிக்காக எடுத்த படம் ஆஸ்கரின் பிறமொழிப் படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வெல்ஷ் படம் ஒன்றுக்கு அது முதல் முறை.

இனி பார்வையாளர் எண்ணிக்கை. 2010-இல் ஒரு செய்தி பெரிதாக அடிபட்டது: மூன்று வாரங்களில் எஸ்4சி ஒளிபரப்பிய 890 நிகழ்ச்சிகளில் 196 நிகழ்ச்சிகளுக்குப் பார்வையாளர் பூஜ்யம் என்று. உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது? பிரிட்டனில் பார்வையாளர் கணக்கு மாதிரி வீடுகளை வைத்து எடுக்கப்படுகிறது. அதில் வெல்ஷ் பேசும் வீடுகள் கொஞ்சம்தான் இருக்கும். அதைவிட முக்கியம், அந்தக் கணக்கு நான்கு வயது முதல்தான் தொடங்கும். அந்த 196-இல் பெரும்பாலானவை பகலில் ஓடிய மழலையர் நிகழ்ச்சிகளும் மறு ஒளிபரப்புகளும்.

மழலையர் பகுதியின் பெயர் ‘கியூ’, கோழிக்குஞ்சு என்று பொருள், 2008-இல் தொடங்கியது. என் மகள் பார்த்து வளர்ந்தது அதைத்தான். வெல்ஷ் வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் வெல்ஷ் பேசாத வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அந்த வீடுகளில் பள்ளிக்கு வெளியே அந்த மொழி காதில் விழும் ஒரே இடம் பல நேரம் இந்த மஞ்சள் கோழிக்குஞ்சுதான். எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது. “எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்” என்றீர்களே, அதிலும் ஒரு திருத்தம்: வடமேற்கில் இன்றும் மூன்று வயதுவரை வெல்ஷ் மட்டுமே பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். என் பக்கத்து வீட்டுப் பாட்டி லனெல்லியில் வெல்ஷ் பேசி வளர்ந்தவர். கடைக்குப் போகும் வழியில் என்னோடு அழகாகப் பேசுவார். எஸ்4சி செய்தி பார்க்கச் சொன்னால், “என் வெல்ஷ் அந்த அளவுக்கு நல்ல வெல்ஷ் இல்லை தம்பி” என்பார். பேசத் தெரிந்தும், தன் பேச்சு மட்டம் என்று நினைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைச் சேனல் முழுதாகச் சென்றடையவில்லை. ஜாக் எல். வில்லியம்ஸ் அஞ்சியதும் கொஞ்சம் நடந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டில் ரிமோட் எஸ்4சியைத் தொடாமலே வருடங்கள் போகும். 2010 மார்ச்சில் வேல்ஸ் முழுவதும் டிஜிட்டலுக்கு மாறி, சேனல் 4 தனியாகக் கிடைக்கத் தொடங்கி, எஸ்4சி முழுக்க வெல்ஷ் ஆனதும் அந்தப் பிரிவு இன்னும் கூடியது. ஆங்கில நிகழ்ச்சிகள் கொண்டுவந்த விளம்பர வருமானமும் அதோடு போனது. ரக்பியும், 2022 உலகக் கோப்பையில் வேல்ஸ் ஆடிய கால்பந்து ஆட்டங்களும் மட்டும் அந்தச் சுவரை அவ்வப்போது தாண்டின.

மிச்சம் இருப்பது பணம். சட்டப்படி எஸ்4சியின் மானியம் விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும் என்று இருந்தது. 2010 அக்டோபரில் அன்றைய பிரிட்டிஷ் அரசு அதை உடைத்தது. நான்கு ஆண்டில் சுமார் நான்கில் ஒரு பங்கு வெட்டு, 2013 முதல் பெரும்பகுதிப் பணம் பிபிசியின் லைசென்ஸ் கட்டணத்திலிருந்து. லண்டனில் பிபிசியும் அரசும் சில நாட்களுக்குள் பேசி முடித்த ஏற்பாடு அது. வேல்ஸின் நான்கு பெரிய கட்சிகளின் தலைவர்களும், கன்சர்வேட்டிவ் தலைவர் உட்பட, சேர்ந்து பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள். பலனில்லை. சிறு தயாரிப்பு நிறுவனங்கள் ஒடுங்கின, புது நிகழ்ச்சிகள் குறைந்து மறு ஒளிபரப்பு கூடியது. இதற்கிடையில் 2018-இல் தலைமையகம் கார்டிஃபிலிருந்து கார்மார்தனுக்குப் போனது. க்வின்வர் வென்ற அதே ஊர், மொழி இன்னும் தெருவில் கேட்கும் ஊர். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2023-இல் நிறுவனத்துக்குள் ஊழியர்களை மிரட்டி நடத்துகிறார்கள் என்ற புகார்கள் எழுந்து, வெளி விசாரணை நடந்து, தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். சேனலை நேசிப்பவர்களுக்கு அது வேதனையான ஆண்டு.

2022 முதல் பொதுப் பணம் முழுவதும் லைசென்ஸ் கட்டணத்திலிருந்தே வருகிறது, ஆண்டுக்கு 8.88 கோடி பவுண்டு என்று தொடங்கியது. நீங்கள் கேட்ட ‘கோடிக்கணக்கு’ இதுதான். இதில் முழுநேர சேனல், இணையச் சேவை, குழந்தைகள் பகுதி, பிபிசி தரும் செய்தி நீங்கலான நாடகம், விளையாட்டு, விவசாயம் எல்லாம் நடக்க வேண்டும். வேல்ஸ் அரசு 2050-க்குள் வெல்ஷ் பேசுவோரைப் பத்து லட்சமாக்குவதாக இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் ஒளிபரப்பு அதிகாரம் கார்டிஃபிடம் இல்லை, லண்டனிடம் இருக்கிறது. இலக்கு வைப்பவர் ஒருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் வேறொருவர். பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. எஸ்4சியின் அடுத்த வரவு செலவும் அந்தப் பேச்சுவார்த்தையில்தான் முடிவாகும். 2010-இல் நடந்ததுபோல எஸ்4சியைக் கேட்காமலே முடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே என் நண்பர்கள் இப்போது எழுதும் கடிதங்களில் உள்ள முதல் வரி.